கண்டல் காட்டில் யார் யாருக்குச் சொந்தம்?

ஜூலை 26 உலகக் கண்டல் நாள். இப்போதெல்லாம் அந்த நாளையொட்டிக் கரையோரங்களில் மரநடுகை நடக்கிறது. அங்கே பேசப்படுவதைக் கேட்டால் இரண்டு கருத்துகள் தவறாமல் வரும். ஒன்று, கண்டல் என்பது ஒரு மரவகை. மற்றது, அதைச் சேற்றில் எங்கே நட்டாலும் காடு வந்துவிடும். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டுமே பிழை. முதலாவது பிழையிலிருந்துதான் இரண்டாவது பிறக்கிறது.

கண்டற் காட்டில் அருகருகே நிற்கிற இரண்டு மரங்கள் எவ்வளவு தூரத்து உறவு என்று தெரிந்தால் வியப்பாக இருக்கும். நீரோரம் கால் ஊன்றி நிற்கிற கண்டலுக்கு, அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கிற வெண்கண்டலைவிடத் தோட்டத்து மரவள்ளி நெருங்கிய சொந்தம். வெண்கண்டலுக்கோ அந்தக் கண்டலைவிட வீட்டு முற்றத்துத் துளசிதான் நெருக்கம். இது எப்படி என்று மெதுவாகப் பார்ப்போம். தாவரவியல் படித்திருக்கத் தேவையில்லை.

எதைக் கண்டல் என்கிறோம்

வெப்பமான நாடுகளின் கடலோரத்தில், வற்றுப்பெருக்கில் உப்பு நீர் ஏறி இறங்குகிற சேற்றில் வளரும் மரம், செடிகளுக்குப் பொதுவாகக் கண்டல் என்று பெயர். தமிழ்நாட்டில் அலையாத்தி என்பார்கள். உலகில் ஏறத்தாழ 70 இனங்கள் இருக்கின்றன. இலங்கையில் சுமார் 20. உலகம் முழுவதும் கண்டற் காடு பரந்திருக்கும் பரப்பு ஏறத்தாழ 1,47,000 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பைப் போல இரண்டே கால் மடங்கு. ஒரு முழு உலகத்துக்கு அது மிகக் குறைவு.

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் இரண்டு பக்கமும் கண்டல் உண்டு. மேற்கே மன்னார்ப் பெருநிலப்பரப்பில் விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வடக்கே பூநகரிப் பக்கம், கிழக்கே நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகள். ஆனால் இந்தோனேசியாவிலோ வங்காளத்துச் சுந்தரவனத்திலோ உள்ளது போல உள்ளே போனால் வழி தெரியாத காடு இங்கே கிடையாது. நம்முடையது ஒடுங்கிய பட்டி. இதற்குக் காரணம் இரண்டு. இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் உப்பு நீர் ஏறி நனைக்கிற நிலமும் குறைவு. மற்றக் காரணம் வரட்சி. மாரியில் குளங்களின் மிகைநீரும் ஆற்று வெள்ளமும் களப்புக்குள் வந்து தண்ணீர் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். மழை முடிந்து சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கினால் மணல் திட்டி முகத்துவாரத்தை மூடும். வெயில் நீரை உறிஞ்சும். ஓரங்களில் உப்புப் பூக்கும். ஒரே மரம் ஒரே ஆண்டுக்குள் நன்னீரையும் கடலைவிட உவர்ப்பான நீரையும் தாங்க வேண்டும். எல்லா மரத்தாலும் அது முடியாது.

முடிந்தவற்றில் நாம் அடிக்கடி காணக்கூடிய நான்கை மட்டும் இந்தக் கட்டுரையில் பிடித்துக்கொள்வோம். தாங்குவேர் ஊன்றி நிற்கும் கண்டல். அதன் அறிவியற் பெயர் ரைசோபோரா. பொதுப் பெயரே இதன் தனிப்பெயரும்; மற்ற மரங்களோடு ஒப்பிட்டுக் கண்டல் என்னும்போது இதைத்தான் சொல்கிறேன். இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும் வெண்கண்டல், அதாவது அவிசீனியா. கண்ணா என்றும் சொல்வார்கள். ஒடித்தால் பால் வடியும் தில்லை. தடித்த சிறிய இலையும் வெள்ளைப் பூவும் கொண்ட திப்பரத்தை.

கையில் உள்ள காய்ப்பும் முகத்தில் உள்ள மூக்கும்

கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சம்மாட்டியிடம் வேலை செய்கிற அத்தனை பேரும் ஓர் ஊர்க்காரர் அல்லர். தொழிற்காலத்தில் எங்கெங்கோ இருந்து வந்து வாடியில் தங்குவார்கள். ஆனால் கொஞ்ச நாள் போனபின் அவர்களின் கைகளைப் பாருங்கள். எல்லாருக்கும் உள்ளங்கையில் ஒரே இடத்தில் காய்ப்பு. எல்லாருக்கும் தோள் ஒரே மாதிரி வெயிலில் கறுத்திருக்கும். அதை வைத்து "இவர்கள் எல்லாரும் அண்ணன் தம்பி" என்று யாராவது சொல்வார்களா? காய்ப்பைத் தந்தது கயிறு. மூக்கைத் தந்தது அம்மம்மா. சொந்தம் கண்டுபிடிக்க வேண்டுமானால் மூக்கைப் பார்க்க வேண்டும், காய்ப்பை அல்ல.

கண்டல் என்பது அப்படி ஒரு தொழிலின் பெயர். உப்புச் சேற்றில் பிழைப்பது அந்தத் தொழில். தாங்குவேர், மூச்சுவேர், தடித்த இலை எல்லாம் அந்தத் தொழில் கொடுத்தவை. குடும்பப் பெயர் வேறு இடத்தில் இருக்கிறது.

இந்த ஒப்புமை ஓர் இடத்தில் முறிகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கைக் காய்ப்பு ஒருவர் வாழ்நாளில் வருவது, பிள்ளைக்குப் போகாது. மரத்தின் மூச்சுவேர் அப்படி அல்ல. ஒரு மரம் சேற்றில் நின்று கஷ்டப்பட்டதால் அதற்கு மூச்சுவேர் முளைக்கவில்லை. பல்லாயிரம் தலைமுறைகளாக, சேற்றில் விழுந்த விதைகளில் சற்றே மேல்நோக்கி வேர் விட்டவை கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்தன. அவற்றின் விதைகள் கூடுதலாகப் பரவின. அந்த இயல்பு மரபணு வழியே அடுத்த தலைமுறைக்குப் போனது. இப்படிச் சூழல் வடிகட்டுவதை இயற்கைத் தேர்வு என்கிறோம். அந்த வடிகட்டலால் உயிர்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவருவதே கூர்ப்பு. பரிணாமம் என்பதும் அதுவே.

வேறு வேறு வம்சங்கள் ஒரே சூழலில் சிக்கி, தனித்தனியாகவே ஒரே மாதிரித் தீர்வுக்கு வந்து சேர்வதை ஒருங்கு கூர்ப்பு என்பார்கள். கண்டற் காடு அதற்கு உலகிலேயே மிக நல்ல எடுத்துக்காட்டுகளில் ஒன்று.

சுருக்கமாக: கண்டல் என்பது வாழிடத்தால் வந்த பெயர். வம்சத்தால் வந்தது அல்ல.

சொந்தத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

பள்ளியில் படித்த வரிசை நினைவிருக்கும்: வருணம், குடும்பம், சாதி, இனம். பெரிய பெட்டிக்குள் சிறிய பெட்டியாக இவை ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். தம்முள் கலந்து வளமான சந்ததி தரக்கூடியவை பொதுவாக ஓர் இனம். நெருங்கிய இனங்கள் சேர்ந்தது சாதி (தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பேரினம்). சாதிகள் சேர்ந்து குடும்பம், குடும்பங்கள் சேர்ந்து வருணம்.

இந்தப் பெட்டிகளை எதை வைத்துப் பிரிப்பது என்பதில்தான் சிக்கல். 1753இல் லின்னேயஸ் தம் பெருநூலில் தாவரங்களைப் பூவின் கேசரங்களை எண்ணிப் பிரித்தார். எண்ணுவது இலேசு. ஆனால் தொடர்பே இல்லாத செடிகள் ஒரே பெட்டிக்குள் வந்து விழுந்தன. 1859இல் டார்வின் கூர்ப்பை விளக்கியபோது வகைப்பாட்டுக்கு ஒரு புதிய பொருள் கிடைத்தது: ஒரு பெட்டிக்குள் இருப்பவை ஒரே மூதாதையின் வழித்தோன்றல்களாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாவரவியலாளர்களுக்குக் கிடைத்த சான்று பூ, காய், இலை, மகரந்தம், மரத்தின் உள்ளமைப்பு ஆகியவைதான். அவர்கள் கெட்டிக்காரர்கள். காய்ப்பை விட்டு மூக்கைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். அதனால்தான் வேரைப் பார்க்காமல் பூவைப் பார்த்தார்கள். ஆனாலும் சில மரங்கள் அவர்களைக் குழப்பிவிட்டன.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் டிஎன்ஏயை நேரடியாக வாசிக்கும் வசதி வந்தது. டிஎன்ஏ என்பது ஒவ்வொரு கலத்திலும் இருக்கும் மரபுச் செய்தி. நான்கு எழுத்துகளால் ஆன மிக நீண்ட வசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமுறைகள் போகப் போக அதில் எழுத்துகள் இடைக்கிடை மாறும். இரண்டு மரங்களின் வசனத்தில் வேறுபாடு குறைவாக இருந்தால் அவை அண்மையில் பிரிந்தவை. கூடுதலாக இருந்தால் நெடுங்காலத்துக்கு முன் பிரிந்தவை. இப்படிப் பல தாவரங்களை ஒப்பிட்டு யார் எங்கே கிளைத்தார் என்று வரைவதே கூர்ப்பு மரம். உலகத் தாவரவியலாளர் பலர் சேர்ந்து டிஎன்ஏ அடிப்படையில் பூக்கும் தாவரங்களின் வகைப்பாட்டை முதன்முதலாக 1998இல் வெளியிட்டார்கள். அதன் நான்காம் பதிப்பு 2016இல் வந்தது. இன்று உலகம் பெரும்பாலும் பின்பற்றுவது அதைத்தான்.

நான்கு மரமும் நான்கு வழியும்

வெண்கண்டலில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் கதைதான் மிகச் சுவையானது. பழைய நூல்களில் அதைத் தேக்கும் நொச்சியும் இருந்த குடும்பத்தில் வைத்திருந்தார்கள். வேறு சிலர் "இது எதோடும் சேராது" என்று அதற்கென்றே தனிக் குடும்பம் அமைத்தார்கள். தடுமாறியதற்குக் காரணம் அதன் காய்: தட்டையானது, ஒற்றை விதை கொண்டது, உள்ளேயே முளை திரண்டுவிடும். 2002இல் வெளியான மரபணு ஆய்வு அதை ஆடாதோடை, கனகாம்பரம், நீர்முள்ளி ஆகியவற்றின் குடும்பத்துக்குள் கொண்டுபோய் வைத்தது. பத்து மீற்றர் உயரத்துக்கு வளரக்கூடிய சேற்று மரமும் இருமலுக்குக் கசாயம் வைக்கிற ஆடாதோடையும் ஒரு குடும்பம்! அதே குடும்பத்தில் இன்னொரு செடியும் தனி வழியில் உப்புச் சேற்றுக்கு வந்திருக்கிறது. ஓரங்களில் முள்ளிலையும் ஊதாப் பூவுமாக நிற்கிற கழுதைமுள்ளி. குடும்பத்துக்கு மேலே வருணத்தைப் பார்த்தால் துளசி, எள்ளு, மல்லிகை எல்லாம் உள்ளே வருகின்றன. பழைய கூட்டாளிகளான தேக்கும் நொச்சியும்கூட இப்போது துளசியின் குடும்பத்தில் இருக்கின்றன.

கண்டலின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு வகைப்பாட்டில் அது நாவல், மருது ஆகியவற்றோடு ஒரே வருணத்தில் இருந்தது. திப்பரத்தையும் அங்கேதான். அந்தக் கணக்கில் கண்டலும் திப்பரத்தையும் ஓரளவு நெருங்கிய சொந்தம். டிஎன்ஏ வந்ததும் கண்டல் அங்கிருந்து வெளியே போய், ஆமணக்கும் மரவள்ளியும் இருக்கிற வருணத்தில் சேர்ந்தது. அதன் குடும்பத்தில் பாதிக்கும் மேற்பட்ட சாதிகள் உப்பு நீரையே காணாத உள்நாட்டுக் காட்டு மரங்கள் என்பதையும் கவனியுங்கள். சேற்றுக்கு வந்தவை நான்கு சாதிகள் மட்டும்தான். எங்கள் கரையில் மணலில் நிற்கிற புன்னையும் இதே வருணம். ஆக, கண்டல் என்று யாரும் சொல்லாத புன்னை, வெண்கண்டலைவிடக் கண்டலுக்கு உறவு.

தில்லையை அடையாளம் காண டிஎன்ஏ தேவைப்படவில்லை. ஒரு கொப்பை ஒடித்தால் வெள்ளைப் பால் கொட்டும். கள்ளியும் அப்படித்தான், மரவள்ளியும் அப்படித்தான், இறப்பரும் அப்படித்தான். எல்லாம் ஆமணக்குக் குடும்பம். இந்தக் குடும்பத்தில் பலவற்றின் பால் நஞ்சு. தில்லைப் பால் கண்ணில் பட்டால் கடும் எரிவும் கொஞ்ச காலத்துக்குப் பார்வை இழப்பும் வரும். விறகு வெட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சேற்றுக்கு வந்த பிறகும் அம்மம்மாவின் மூக்கு மாறவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

திப்பரத்தை மருது, தான்றி, கடுக்காய் ஆகியவற்றின் குடும்பம். இதில் குழப்பம் எதுவும் இல்லை; பழையவர்கள் சொன்னதே சரியாக இருந்தது.

இந்த நான்கில் கண்டலும் வெண்கண்டலும் பிரிந்த இடத்தைக் கூர்ப்பு மரத்தில் தேடினால் 10 கோடி ஆண்டுகளுக்கும் அப்பால் போக வேண்டும். டைனோசர்கள் உலவிய காலம். அந்தப் பொது மூதாதை சேற்று மரமும் அல்ல. இன்னும் தள்ளிப் பார்த்தால், இலங்கையின் தென்மேற்குக் கரையில் உள்ள நீபா என்ற கண்டற் பனை நம் பனை, தென்னை ஆகியவற்றின் குடும்பம். அதன் காய்கள் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்களாக லண்டன் களிமண்ணில் கிடைத்திருக்கின்றன. பூவே இல்லாத பன்னம் ஒன்றுகூட உப்புச் சேற்றில் வாழ்கிறது.

சுருக்கமாக: பூக்கும் தாவரங்களின் கூர்ப்பு மரத்தில் ஒன்றுக்கொன்று தொலைவான பல கிளைகள் தனித்தனியாகச் சேற்றுக்கு இறங்கி வந்திருக்கின்றன. கண்டற் காடு என்பது அப்படி வந்தவை கூடி நிற்கும் இடம்.

உப்பு, மூச்சு, பிள்ளை

சேற்றில் வாழ வருகிற எந்த மரத்துக்கும் மூன்று தொல்லைகள் உண்டு.

முதல் தொல்லை உப்பு. கண்டல் அதை வாசலிலேயே மறிக்கிறது. வேரின் உட்படைகள் வடிகட்டுவதால் கடல் நீரிலுள்ள உப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் உள்ளேயே வராது. வெண்கண்டலும் வேரில் வடிக்கிறது. ஆனால் அதையும் மீறி வந்ததை இலையில் உள்ள உப்புச் சுரப்பிகளால் வெளியே தள்ளுகிறது. நல்ல வெயிலில், மழை பெய்யாத நாளில் ஒரு வெண்கண்டல் இலையைப் பறித்துச் சாய்த்துப் பாருங்கள். பொடிப்பொடியாகப் பளபளக்கும். நாக்கில் தொட்டால் கரிக்கும். ஆடு மாடு இந்த இலையை விரும்பித் தின்னும். கண்டல் இலையில் இதைக் காண முடியாது. திப்பரத்தையோ இலையைத் தடிப்பாக்கி உள்ளே நீரைச் சேர்த்து உப்பின் செறிவைக் குறைத்துக்கொள்கிறது. ஒரே தொல்லைக்கு மூன்று குடும்பங்கள் மூன்று வகையில் விடை கண்டிருக்கின்றன. இதில் வெண்கண்டலின் தாங்குதிறன்தான் கூட. கடல் நீரின் இரு மடங்கு உப்பிலும் அது உயிரோடு இருக்கும்.

இரண்டாவது மூச்சு. களப்புச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அங்கே காற்று இல்லை என்பதன் அறிகுறி அது. வேருக்கும் ஒட்சிசன் வேண்டும். வெண்கண்டல் கிடைவேரிலிருந்து விரல் தடிப்பில் நூற்றுக்கணக்கான மூச்சுவேர்களை மேல்நோக்கி நிறுத்துகிறது. வெறுங்காலோடு நடந்தவர்கள் மறக்கமாட்டார்கள். கண்டல் தண்டிலிருந்து வளைந்து இறங்கும் தாங்குவேர்களின் தோலில் உள்ள துளைகளால் காற்றெடுக்கிறது. தில்லை இரண்டும் செய்யாது. வேரை நிலமட்டத்திலேயே பரப்பிக்கொண்டு, நீர் அதிகம் நிற்காத மேட்டுப் பக்கமாக நின்றுகொள்ளும்.

மூன்றாவது பிள்ளை வளர்ப்பு. அசைகிற உப்பு நீரில் சின்ன விதை விழுந்தால் வேர் பிடிப்பது கடினம். கண்டல் தாய்மரத்திலேயே விதையை முளைக்கவிட்டு, ஒரு முழத்துக்குக் கிட்ட நீண்ட பச்சைத் தண்டாக வளர்த்துத்தான் கீழே விடும். வெண்கண்டல் காயின் தோலுக்குள்ளேயே முளையைத் திரட்டி அனுப்பும். நீரில் விழுந்து தோல் கழன்றதும் வேர் விடும். தில்லைக்கு இந்த ஏற்பாடே கிடையாது. ஆமணக்குக் குடும்பத்துக்கு வழக்கமான மூன்று அறைக் காய், சாதாரண விதை.

வம்சம் தெரிந்தால் என்ன பயன்

"தொழில் ஒன்றுதானே, சொந்தம் யாராக இருந்தால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மரம் எங்கே நிற்கும் என்பதை அதன் தொழில் சொல்லும். வெட்டினால் என்ன ஆகும், இலை விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் வம்சம்தான் சொல்லும்.

விறகுக்கு வெட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்கண்டலையும் தில்லையையும் திப்பரத்தையையும் ஓரளவு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கும். கண்டல் தளிர்க்காது. முதிர்ந்த கண்டல் மரத்தின் கட்டையில் மறுபடி தளிர்க்கத் தேவையான அரும்புகள் உயிரோடு இருப்பதில்லை. அதன் நெருங்கிய சொந்தங்களுக்கும் இந்தக் குறை உண்டு. தறித்தால் செத்தது செத்ததுதான். "எல்லாம் கண்டல்தானே, வெட்ட வெட்ட வரும்" என்று ஒரே கணக்கில் வெட்டிய இடங்களில் நீரோரத்து வரிசை மட்டும் காணாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலையும் அப்படியே. கண்டல் இலையிலும் பட்டையிலும் தனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய. முற்காலத்தில் நூல் வலை உளுத்துப்போகாமல் இருக்கக் கண்டற் பட்டையை அவித்துச் சாயம் போட்டது அதனால்தான். தனின் மிகுந்த இலை மெதுவாக உக்கும். வெண்கண்டல் இலை மெலிந்தது, சத்துக் கூடியது, விரைவில் உக்கிவிடும். இரண்டும் சேர்ந்து விழுகிற சேற்றில் நண்டுக்கும் புழுவுக்கும் உடனடி இரையும் உண்டு, பிறகு உண்ண இருப்பும் உண்டு. ஒரு மரம் மட்டும் நின்றால் ஒரு பாதிதான்.

கரைக்கு என்ன பெறுமதி

மீன்பிடியில் தொடங்கலாம், ஏனென்றால் வன்னியில் இதை உணராத கரையோரக் குடும்பம் இல்லை. களப்பில் பிடிபடுகிற இறாலில் பல வகை களப்பில் பிறப்பவை அல்ல. தாய் இறால் கடலில் முட்டையிடும். நுண்ணிய குஞ்சுகள் நீரோட்டத்தோடு முகத்துவாரம் வழியே களப்புக்குள் வந்து, வேர்களின் இடுக்கில் பெரிய மீன் வாய் எட்டாத இடத்தில் இரை தின்று வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். நந்திக்கடல் இறாலுக்குப் பேர்போனது. அந்தப் பேர் முகத்துவாரம், வேர்க்காடு, உக்கும் இலை மூன்றும் சேர்ந்து கொடுத்தது. சேற்று நண்டு வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த வேர்க்காட்டுச் சேற்றில் தோண்டிய வளைகளிலேயே கழிக்கிறது.

அலை விடயத்தில் சற்று நிதானம் வேண்டும். காற்றால் எழும் சாதாரண அலையின் உயரம் 100 மீற்றர் அகலமான கண்டற் பட்டியைக் கடக்கும்போது 13 முதல் 66 சதவீதம் வரை குறைகிறது என்று அளவீடுகள் காட்டுகின்றன. இந்த வீச்சு ஏன் இவ்வளவு பெரியது? வேர் அடர்த்தி, மர வயது, நீர் ஆழம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறுவதால். தாங்குவேர் தாழ்வான அலையை முறிக்கும். நீர் உயர்ந்தால் கிளையும் இலையும்தான் முறிக்க வேண்டும். ஆகவே பல வகை மரம், பல வயது மரம் உள்ள பட்டிதான் பல நீர்மட்டங்களில் வேலை செய்யும்.

சுனாமி இந்தக் கணக்குக்குள் அடங்காது. சாதாரண அலை சில வினாடிக்கு ஒருமுறை வரும். சுனாமி பல நிமிடங்களுக்குத் தொடர்ந்து ஏறுகிற நீர்ப்பெருக்கு. 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவு இழந்ததை நாம் அறிவோம். நல்ல நிலையில் இருந்த கண்டற் காடுகள் இலங்கையில் சில இடங்களில் சேதத்தைக் குறைத்தன என்பது உண்மை. ஆனால் ஒடுங்கிய பட்டி ஒன்று அப்படிப்பட்ட நீரை நிறுத்திவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆபத்து. எச்சரிக்கை வந்தால் ஓட வேண்டும். கண்டல் இருக்கிறதே என்று நிற்கக் கூடாது.

காபன் பற்றியும் ஒரு சொல். காற்றில்லாத சேற்றில் இலையும் வேரும் முழுதாக உக்காமல் நூற்றாண்டுகளாகப் புதைந்து கிடக்கும். 2011இல் வெளியான ஆய்வொன்று இந்து, பசிபிக் சமுத்திரக் கரைகளின் கண்டற் காடுகளை அளந்தபோது ஹெக்டேயருக்குச் சராசரி ஏறத்தாழ 1,000 தொன் காபன் இருந்தது. பெரும்பகுதி மரத்தில் அல்ல, சேற்றில். நம் வரண்ட கரையின் ஒடுங்கிய பட்டி அந்தச் சராசரியை எட்டும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் காட்டை அழித்துச் சேற்றைத் தோண்டினால் சேர்ந்திருப்பது காற்றுக்குப் போகும் என்பது எங்கும் ஒன்றுதான்.

மன்னார்ப் பக்கம் கண்டலுக்கு அடுத்து ஆழங்குறைந்த கடலில் கடற்புல் இருக்கிறது, கடற்பசு மேய்வது அதில். அதுவும் உண்மையில் புல் அல்ல. நெல்லும் மூங்கிலும் இருக்கிற புற்குடும்பத்தோடு சேராது. அங்கேயும் குறைந்தது மூன்று வம்சங்கள் தனித்தனியாகக் கடலுக்கு இறங்கியிருக்கின்றன. மீனும் இறாலும் கண்டலுக்கும் கடற்புல்லுக்கும் இடையில் போய்வருவதால் ஒன்றை அழித்து மற்றதைக் காப்பாற்ற முடியாது. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, ஏற்கப்பட்டதும், விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனமானதும் இந்த முழுத் தொடருக்காகத்தான். 2024இல் விடத்தல்தீவு ஒதுக்கத்தின் ஒரு பகுதியை நீருயிரின வளர்ப்புக்கு விடுவிக்கும் வர்த்தமானி வந்தபோது எதிர்ப்பு எழுந்தது சரியானதே என்பது என் எண்ணம். இறால் குஞ்சு வளரும் இடத்தை வெட்டி இறால் வளர்ப்பது யாருக்கும் ஆதாயம் தராது.

நட்டது ஏன் பிழைக்கவில்லை

சுனாமிக்குப் பிறகு இலங்கை முழுவதும் பெரும் பணத்தில் கண்டல் நடப்பட்டது. 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின் முடிவு மனதை உறுத்துகிறது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் 200 முதல் 220 ஹெக்டேயர்தான் தேறியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. காரணங்களில் முக்கியமானவை: பிழையான நிலமட்டம், பொருந்தாத உப்பு, நட்ட பின் பராமரிப்பின்மை. பெரும்பாலும் நட்டது கண்டல், அதாவது ரைசோபோரா. அதன் நீண்ட நாற்று சேகரிக்க இலேசு, சேற்றில் குத்திவிட்டால் நட்டதாகிவிடும், படத்திலும் நன்றாக இருக்கும்.

மேலே பார்த்ததை இதோடு பொருத்திப் பாருங்கள். கோடையில் கடலைவிட உவர்க்கிற மேட்டுச் சேற்றில் கண்டலை நட்டால் அது சாகும். அங்கே வெண்கண்டல் நின்றிருக்கும். ஆண்டு முழுவதும் நீர் நிற்கிற பள்ளத்தில் எதை நட்டாலும் சாகும், ஏனென்றால் அங்கே எந்தக் கண்டலும் இயற்கையில் முளைப்பதில்லை. கடற்புல் உள்ள இடத்தில் நட்டால் கன்றும் போய், கடற்புல்லும் மிதிபட்டுப் போகும். ஒரு மரவகை என்று நினைத்தால் எல்லா இடமும் அதற்கு இடமாகத் தெரியும். பல வம்சம் என்று தெரிந்தால் முதலில் "இந்த இடம் யாருடையது?" என்று கேட்கத் தோன்றும்.

அதைக் கேட்க ஆய்வுகூடம் தேவையில்லை. பக்கத்தில் இயற்கையாக நிற்கிற மரங்கள் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். மாரியில் ஒருமுறை, சோளகத்தில் ஒருமுறை நீர் எங்கே வந்து நிற்கிறது என்று தடி ஊன்றிக் குறித்துவையுங்கள். அந்தக் களப்பில் நெடுநாள் தொழில் செய்கிற பெரியவர்களிடம் முன்பு அங்கே என்ன நின்றது என்று கேளுங்கள். அவர்கள் மரத்தின் பெயரோடு சொல்வார்கள். பிறகு, ஏன் இப்போது தானாக முளைக்கவில்லை என்று பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது அணைக்கட்டோ வீதியோ மண்மேடோ நீரோட்டத்தை மறித்திருக்கும். அதில் ஒரு மதகோ வாய்க்காலோ வெட்டி நீர் போய்வர விட்டால், அருகில் தாய்மரங்கள் இருக்கும்வரை, காய்கள் மிதந்து வந்து தத்தமக்கு ஏற்ற மட்டத்தில் தாமே தங்கும். வெண்கண்டல்தான் முதலில் வரும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஆடு மாடு உள்ளே இறங்காமல் வேலி போட்டுக் காத்தால் போதும். கன்று வாங்கி நடுகிற செலவு பல இடங்களில் தேவையே படாது.